விரிவுரையா, தலைகீழ் வகுப்பா? டர்பன் பொறியியல் ஆசிரியர்களுக்கு ஓர் ஒப்பீடு

வகுப்பில் பாடம், வீட்டில் கணக்கு என்பது நாம் எல்லோரும் படித்துவந்த ஒழுங்கு. தலைகீழ் வகுப்பு அதைத் திருப்பிப் போடுகிறது. மாணவர் பாடத்தை வீடியோவிலோ குறிப்பிலோ முன்கூட்டியே படித்துவிட்டு வருவார். வகுப்பு நேரம் கணக்குப் போடுவதற்கு. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் பள்ளி ஆசிரியர்கள் 2007இல் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகு இம்முறை பரவலாகப் பேசப்பட்டது. பல்கலைக்கழகத்தில் இதற்கு முன்னோடி உண்டு: ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதலே வகுப்பில் கேள்வி கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு மாணவர்களை விவாதிக்க வைத்தார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பொறியியல் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு, இங்கேயே பிறந்தவர்களானாலும் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவர்களானாலும், ஒவ்வொரு செமஸ்டருக்கும் முன்னால் இந்த முடிவு காத்திருக்கிறது. உண்மையில் வழிகள் இரண்டல்ல, நான்கு: வழக்கமான விரிவுரையும் டூட்டோரியலும்; வீடியோ இல்லாமல், இடையிடையே கேள்வியும் விவாதமும் கலந்த விரிவுரை; வாரத்தில் ஒரு பகுதியை மட்டும் திருப்பும் பகுதித் தலைகீழ்; எல்லா விரிவுரையையும் திருப்பும் முழுத் தலைகீழ்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 60 முதல் 120 மாணவர் உள்ள இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்களுக்குப் பகுதித் தலைகீழ். 200க்கு மேல் போகும் முதலாண்டு வகுப்புகளுக்குக் கேள்வி கலந்த விரிவுரை. முழுத் தலைகீழ், 40 பேருக்குள் அடங்கும் இறுதியாண்டு விருப்பப் பாடங்களுக்கு மட்டும். அதுவும் அதே பாடத்தை ஏற்கெனவே இரண்டு மூன்று முறை நடத்திய ஆசிரியருக்கு.

பலன் எங்கிருந்து வருகிறது

இந்த முடிவுக்கு அடிப்படை, ஆய்வுகள் சொல்லும் ஒரு செய்தி. ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் மாணவர் தோற்றார்கள். மாணவரை வகுப்பிலேயே வேலை செய்ய வைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். அவர்கள் ஒப்பிட்டது வீடியோவை அல்ல, வகுப்பில் மாணவர் என்ன செய்தார் என்பதை. அடுத்த ஆண்டு ஜேமி ஜென்சனும் குழுவினரும் ஓர் உயிரியல் பாடத்தில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். இரு பிரிவிலும் மாணவர் வகுப்பில் சுறுசுறுப்பாக இயங்கினார்கள். ஒன்று தலைகீழ், மற்றது இல்லை. கற்றலில் வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே வீடியோ ஒரு கருவிதான். அது வகுப்பில் நேரத்தை விடுவித்துத் தருகிறது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் பலன் இருக்கிறது. உங்களிடம் 100 மணி நேர உழைப்பு இருந்தால், அதில் பெரும்பங்கு வகுப்பறைக் கேள்விகளை உருவாக்கவும், வகுப்பில் உதவும் முதுநிலை மாணவர்களான டூட்டர்களைப் பழக்கவும் போகட்டும். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். ஒலிவாங்கி, வெளிச்சம், முகப்பு இசை என்று வீடியோவுக்கு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, வகுப்புக்குப் பழைய டூட்டோரியல் தாளையே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நேரக் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 10 மணி நேர உழைப்பு. இ.சி.எஸ்.ஏ. எனப்படும் பொறியியல் மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற நான்காண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 560 கிரெடிட் வேண்டும். எட்டு செமஸ்டருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 70 கிரெடிட், அதாவது 700 மணி. கற்பித்தலுக்கு 13 வாரம், தேர்வுக்கு 3 வாரம் என்று வைத்தாலும் வாரத்துக்கு ஏறக்குறைய 44 மணி. மாணவரின் வாரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

16 கிரெடிட் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 160 மணி. தேர்வுக்குப் படிக்க 30 மணி போனால், வாரத்துக்கு 10 மணி. மூன்று 45 நிமிட விரிவுரையும் மூன்று பிரிவேளை டூட்டோரியலும் சேர்ந்து நாலரை மணி. சொந்தப் படிப்புக்கு மிச்சம் ஐந்தரை மணி.

இப்போது பகுதித் தலைகீழில் வாரத்துக்கு 8 நிமிட வீடியோ மூன்று கொடுக்கிறீர்கள். ஓடும் நேரம் 24 நிமிடம். நிறுத்தி, குறிப்பெடுத்து, மறுபடி ஓட்டிப் பார்க்கும் மாணவருக்கு அது 50 நிமிடம் ஆகும். வினாடிவினாவுக்கு 20 நிமிடம். ஆக 70 நிமிடம் புதிதாகச் சேர்ந்தது. எதை எடுத்தீர்கள்? வீட்டுக் கணக்குகளில் இரண்டு மூன்றை வகுப்புக்குள் கொண்டுவந்தால் சரியாகிவிடும். எதையும் எடுக்காமல் சேர்த்தால், ஏற்கெனவே 44 மணி சுமக்கும் மாணவர் முதலில் கைவிடுவது வீடியோவைத்தான். ஒரே செமஸ்டரில் மூன்று ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே திருப்பினால் நிலைமை இன்னும் மோசம். துறைக் கூட்டத்தில் யார் எந்த வாரம் திருப்புகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது மிக அவசியம்.

ஆசிரியரின் கணக்கும் இருக்கிறது. எழுத்துப்படி, பதிவு, திருத்தம், வினாடிவினா எல்லாம் சேர்த்து 8 நிமிட வீடியோ ஒன்றுக்கு முதல் ஆண்டில் 4 மணி ஒதுக்குங்கள். முழுத் தலைகீழில் வாரத்துக்கு 9 வீடியோ, 13 வாரத்துக்கு 117. அதாவது 468 மணி, பன்னிரண்டு வார முழுநேர வேலை. பகுதித் தலைகீழில் முதல் வாரத்தை அறிமுகத்துக்கு விட்டால் 36 வீடியோ, 144 மணி. கேள்வி கலந்த விரிவுரைக்கு வீடியோவே இல்லை. நல்ல கேள்வி ஒன்றுக்கு ஒரு மணி வீதம், விரிவுரைக்கு இரண்டு கேள்வி. முதல் முறை முயல்பவர் ஏன் முழுத் தலைகீழைத் தொடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

டூட்டர் எத்தனை பேர்

90 மாணவரை மூவர் மூவராகப் பிரித்தால் 30 குழு. 40 நிமிடம் கணக்குப் போடும் நேரம். ஆசிரியர் ஒருவரே சுற்றிவந்தால் ஒரு குழுவுக்கு 1 நிமிடம் 20 விநாடி. கேள்வியைக் காதில் வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று பேர் சுற்றினால் 4 நிமிடம் கிடைக்கும். அது போதும். ஆகவே 30 மாணவருக்கு ஒருவர் என்பது எங்கள் அளவுகோல். ஆசிரியரும் அதில் ஒருவர். 300 பேர் உள்ள முதலாண்டு நிலையியல் வகுப்புக்கு ஒன்பது முதுநிலை மாணவர்களை ஒரே நேரத்தில் வகுப்புக்குள் கொண்டுவர எந்தத் துறையிலும் பணம் எளிதில் கிடைக்காது. அங்கே கேள்வி கலந்த விரிவுரைதான் நடக்கக்கூடிய வழி.

டூட்டருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கட்டாயம். விடையைச் சொல்லக் கூடாது. அடுத்த கேள்வியைத்தான் கேட்க வேண்டும். வெப்ப இயக்கவியலுக்கு மூன்று கேள்விகள் போதும்: அமைப்பின் எல்லை எது? நிலையைத் தீர்மானிக்கும் இரண்டு பண்புகள் எவை? எந்த அட்டவணையைத் திறப்பாய்? முதல் அடியிலேயே சிக்கி நிற்கும் மாணவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றுக்குள் நகர்ந்துவிடுவார்கள்.

சரிவாக அமைந்த, நகராத இருக்கைகள் கொண்ட பழைய விரிவுரை மண்டபம் குழு வேலைக்குத் தடைதான். ஆனாலும் இரண்டு வரிசை உட்கார வைத்து மூன்றாவதைக் காலியாக விட்டால் டூட்டர் எல்லோரிடமும் போக முடியும். 90 பேருக்கு 150 இருக்கை மண்டபம் கேளுங்கள்.

பகுதித் தலைகீழை நடத்தும் விதம்

வாரத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பிரிவேளைகளைத் தேர்ந்தெடுங்கள். 90 நிமிடம் கிடைக்கும். மீதி ஒரு விரிவுரை வழக்கம்போல நடக்கட்டும். சமன்பாட்டை வருவிப்பது, துறையின் பெரிய படத்தைக் காட்டுவது போன்றவை பலகையில் நேரில் நடந்தால்தான் நல்லது. கட்டுப்பாட்டு அமைப்புகள் போன்ற கணிதம் மிகுந்த பாடத்தில் நாங்கள் அந்த நேரடி விரிவுரையை ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வீடியோவும் வினாடிவினாவும் 48 மணி நேரம் முன்பே திறந்திருக்கட்டும். வினாடிவினா முந்தைய இரவு 8 மணிக்கு மூடப்பட வேண்டும், நள்ளிரவில் அல்ல. விடைகளைப் பார்த்து மறுநாள் பாடத்தை மாற்ற ஆசிரியருக்கு அந்த இரவு வேண்டும். வினாடிவினாவில் மூன்று கேள்வி: ஒன்று எளிய கணக்கு, ஒன்று கருத்து, ஒன்று ‘எது புரியவில்லை?’ என்ற திறந்த கேள்வி. மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு எண்கள் வரும்படி கணக்குக் கேள்வி அமைக்கலாம். நீராவி அட்டவணையில் இடைச்செருகிக் கணக்கிடும் விடைகளுக்கு 2 சதவீத விலகலை அனுமதியுங்கள். அனுமதிக்காவிட்டால், சரியாகச் செய்த மாணவருக்கும் தவறு என்று காட்டும். இரண்டாம் வாரத்திலேயே நம்பிக்கை போய்விடும்.

மதிப்பெண் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம். 12 வினாடிவினாக்களில் சிறந்த 10ஐ மட்டும் எடுங்கள். தேர்வு எழுதத் தகுதி தரும் டி.பி. நிபந்தனையில் முதல் ஆண்டே இதைச் சேர்க்க வேண்டாம். மின்சாரம் போனது, டேட்டா தீர்ந்தது என்று வரும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தீர்ப்புச் சொல்வதிலேயே உங்கள் செமஸ்டர் கழிந்துவிடும்.

90 நிமிடத்தை இப்படிப் பங்கிடலாம். முதல் 10 நிமிடம், வினாடிவினாவில் அதிகம் பேர் தவறிய ஒரு கேள்வி. அடுத்த 20 நிமிடம், வாக்கெடுப்புக் கேள்வி இரண்டு. பிறகு 40 நிமிடம் குழுக் கணக்கு. 15 நிமிடம், ஏதாவது ஒரு குழுவிலிருந்து ஏதாவது ஒருவர் எழுந்து தங்கள் வழியை விளக்குவது. கடைசி 5 நிமிடம், இன்னும் தெளியாத ஒன்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பது.

வாக்கெடுப்புக் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. 0.5 கன மீட்டர் கொள்ளளவுள்ள உறுதியான மூடிய தொட்டியில் 200 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் நீரும் நீராவியும் சமநிலையில் உள்ளன. முதல் தொட்டியில் மொத்தம் 2 கிலோ, இரண்டாவதில் 200 கிலோ. இரண்டையும் மெல்லச் சூடாக்கிக்கொண்டே போனால், இரு நிலைகள் ஒன்றாவது எப்படி? கொதிக்கும் பானையையே மனத்தில் வைத்திருப்பவர் இரண்டிலும் எல்லாம் நீராவியாகும் என்று சொல்வார். முதல் தொட்டியில் அது சரி: ஒரு கிலோவுக்கான கனஅளவு 0.25 கன மீட்டர், உலர்வுக் கூறு (மொத்த நிறையில் நீராவியின் பங்கு) ஏறக்குறைய 0.28, சூடாக்கினால் எல்லாம் ஆவியாகும். இரண்டாவதில் ஒரு கிலோவுக்கு 0.0025 கன மீட்டர்தான். திரவத்துக்கும் ஆவிக்கும் வேறுபாடு மறையும் மாறுநிலைப் புள்ளியில், நீருக்கு அது 0.003106. அதைவிடக் குறைவு என்பதால், வெப்பநிலை 370 டிகிரியைத் தாண்டிய பிறகு தொட்டி முழுவதும் திரவமாகிவிடும். கனஅளவு மாறாத செங்குத்துக் கோடு தெவிட்டல் வளைவின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்பதை மாணவர் தானே வரைந்து கண்டுபிடிக்க வேண்டும். விரிவுரையில் இதை ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்திலிருப்பவரோடு மூன்று நிமிடம் விவாதித்துத் தெளிந்தவருக்குத்தான் அந்த வளைவு கையில் நிற்கும்.

வாக்குக்கு நான்கு வண்ண அட்டைகள் போதும், போன் வேண்டாம். முதல் வாக்கில் 70 சதவீதத்துக்கு மேல் சரியென்றால் நகர்ந்துவிடுங்கள். 30 முதல் 70 வரை என்றால் மூன்று நிமிடம் விவாதிக்க விட்டு மறுபடி வாக்கெடுங்கள். 30க்குக் கீழ் என்றால் விவாதம் பயன் தராது. தெரிந்தவர்கள் போதவில்லை என்று பொருள், நீங்கள் விளக்குங்கள். கேள்வி கலந்த விரிவுரைக்கும் இதே விதிதான். ஆகவே அதில் தொடங்கி எழுதும் கேள்விகள் பின்னால் தலைகீழ் வகுப்புக்கும் அப்படியே உதவும்.

வீடியோ, டேட்டா, மின்சாரம்

2014இல் எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களைப் பற்றி வந்த ஓர் ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர் பார்க்கும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று காட்டியது. 8 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து அல்லது ஒரு மாதிரிக் கணக்கு. கையால் எழுதும் பலகைத் திரையைப் பதிவு செய்தால் படம் அதிகம் மாறாததால் 480 வரித் தரத்தில் விநாடிக்கு 400 கிலோபிட் போதும். அப்படியானால் வாரத்துக்கு 24 நிமிடம் என்பது 72 மெகாபைட். அதையே முழு உயர்தரத்தில் விநாடிக்கு 3 மெகாபிட்டாகப் போட்டால் 540 மெகாபைட். விடுதியில் வைஃபை உள்ளவருக்கு இது பொருட்டல்ல. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் வீடுகளிலிருந்து வந்துபோகும் மாணவர் டேட்டாவைக் காசு கொடுத்து வாங்குபவராக இருக்கலாம். தரவிறக்கம் செய்யும் வசதி கட்டாயம் இருக்கட்டும். வளாகத்திலேயே இறக்கிக்கொண்டு பயணத்தில் பார்ப்பார்கள். வீடியோவோடு அதே பொருளில் இரண்டு பக்கக் குறிப்பும் கொடுங்கள். குறிப்பை மட்டும் படித்துவிட்டு வருபவரையும் தயாராக வந்தவராகவே கருத வேண்டும்.

2023இல் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தது. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரிதும் தணிந்தது. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊரில், ஒரு வாரம் இணையமோ சாலையோ இல்லாமல் போகலாம் என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 48 மணி நேர இடைவெளியும் ‘சிறந்த 10’ விதியும் அதற்காகத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு உடனே தோன்றுவது என்.பி.டெல் என்ற இந்திய இணையப் பாட வீடியோக்கள். பாடம் தரமானது, ஆனால் நீளமானது, குறியீடும் வேறாக இருக்கலாம். வெப்ப இயக்கவியலில் அமைப்பு செய்யும் வேலையை நேர்க்குறியாக எடுக்கும் நூலும் உண்டு, அமைப்பின் மீது செய்யப்படும் வேலையை நேர்க்குறியாக எடுக்கும் நூலும் உண்டு. வீடியோவில் ஒன்று, வகுப்பில் மற்றொன்று என்றால் முதல் விதியிலேயே மாணவர் தடுமாறுவார். கூடுதல் பார்வைக்குப் பரிந்துரையுங்கள். வாராந்திர வீடியோவை நீங்களே பதிவு செய்யுங்கள்.

பேச்சை வீடியோவின் அடியில் எழுத்தாகக் காட்டும் எழுத்துரை சேர்ப்பதும் முக்கியம். வகுப்பில் இசிசுலுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏராளம். ஆசிரியரின் ஆங்கில உச்சரிப்பு அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். நிறுத்தி மறுபடி கேட்கும் வசதியால் அதிகம் பயன்பெறுவது அவர்கள்தான். தானியங்கி எழுத்துரை கலைச்சொற்களைச் சிதைத்துவிடும். எட்டு நிமிட வீடியோவுக்குத் திருத்த 15 நிமிடம் ஒதுக்குங்கள். குழுவுக்குள் எந்த மொழியில் விவாதித்தாலும் சரி, தாளில் ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

எங்கே தவறும்

மிகப் பெரிய தவறு, தயாராகாமல் வந்தவர்களுக்காக இரங்கி வீடியோவில் உள்ளதை மறுபடி பலகையில் நடத்துவது. ஒருமுறை அப்படிச் செய்தால், வீடியோ பார்த்து வந்தவர் ஏமாந்தவர் ஆகிறார். மூன்றாம் வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள். தயாராகாதவரைக் குறிப்போடு பின்வரிசையில் 15 நிமிடம் உட்கார வைத்துப் பிறகு குழுவில் சேர்த்துவிடுங்கள்.

குழுவில் ஒருவர் எழுத, இருவர் வேடிக்கை பார்ப்பது அடுத்தது. குழுவுக்கு ஒரே தாள், ஒவ்வொரு கணக்குக்கும் எழுதுபவர் மாற வேண்டும். விளக்க எழுந்து நிற்பவரை ஆசிரியர் தேர்வு செய்ய வேண்டும், குழு அல்ல.

மாணவர் மதிப்பீடு முதல் ஆண்டில் குறையலாம். 2019இல் ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் சக ஆய்வாளர்களும் கண்டது இதுதான்: தாமே உழைத்துக் கற்ற மாணவர் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை புரிந்தது போன்ற உணர்வைத் தந்துவிடுகிறது. முதல் வாரத்திலேயே இதை மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதல் தேர்வுக்குப் பின் முடிவுகளைக் காட்டி மறுபடி சொல்லுங்கள். பணி உறுதியாகாத இளம் ஆசிரியரானால் துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

வீடியோ இருப்பதால் வகுப்புக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்ற எண்ணமும் தவறு. விரிவுரை முறையில் ஒரு நாள் தவறினால் நண்பரின் குறிப்பு காப்பாற்றும். தலைகீழ் முறையில் தவறவிடுவது குழுக் கணக்கை. அதற்கு நகல் இல்லை. தைப்பூசக் காவடிக்கோ சித்திரைப் பருவக் காவடிக்கோ விடுப்பெடுக்கும் மாணவருக்கு அந்த வாரக் கணக்குத் தாளைக் கொடுத்து, டூட்டரோடு அரைமணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

இதுவரை எதையும் திருப்பாத துறைக்கு, எல்லாவற்றிலும் மலிவான தொடக்கம் ஆய்வகம். ஆறு நிமிட வீடியோவில் கருவியை இணைக்கும் விதம், பாதுகாப்பு, எந்த அளவீடு எதற்கு என்பவை. பிறகு மூன்று கேள்வி. அதை முடித்தவர் மட்டுமே ஆய்வக மேசைக்கு வரலாம். மூன்று மணி நேர ஆய்வகத்தில் வழக்கமாக விளக்கத்துக்குப் போகும் முதல் அரைமணி மாணவருக்கே திரும்பக் கிடைக்கும். ஒரு செமஸ்டரில் ஆறு ஆய்வகம் என்றால் ஆறு வீடியோ, 24 மணி நேர வேலை. ஜூலை விடுமுறையில் முடித்துவிடலாம்.

இறுதித் தேர்வுத்தாளையும் அதே விடுமுறையில் திருத்தி எழுதுங்கள். வகுப்பில் கருத்தை விவாதிக்க வைத்துவிட்டுத் தேர்வில் பழைய கணக்குகளையே எண் மாற்றிக் கேட்டால், மாணவர் பழைய வினாத்தாள்களுக்கே திரும்பிப் போவார்கள். இருபது சதவீத மதிப்பெண்ணாவது தொட்டிக் கேள்வி போன்ற, கணக்கிடும் முன் காரணம் சொல்ல வேண்டிய கேள்விகளுக்கு இருக்கட்டும். முந்தைய ஆண்டின் கேள்விகளில் இரண்டை மட்டும் மாற்றாமல் வைத்தால், அதே கேள்விக்கு இரண்டு ஆண்டு மாணவர்களின் விடைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். அடுத்த ஆண்டு இன்னும் அதிகம் திருப்புவதா, இத்தோடு நிற்பதா என்பதை அந்த ஒப்பீட்டை வைத்துத் தீர்மானியுங்கள்.